வெள்ளியோடு வெள்ளியைக் கூட்டும்போது: சொந்த கிளாஸுக்கு ஆபரேட்டர் ஓவர்லோடிங்

கேள்வி இதுதான். சேலத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் தன் மாமா நடத்தும் கொலுசுப் பட்டறைக்காகப் பைத்தானில் சரக்குக் கணக்கு எழுதுகிறார். எடை, டச் (நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு) இரண்டும் உள்ள ‘வெள்ளி’ என்று ஒரு கிளாஸ். அதில் இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு நடுவே + போட்டால் டைப்எரர் (இந்த வகைப் பொருளுக்கு இந்தச் செயல் தெரியாது என்ற பிழை) வருகிறது. “வகுப்பில் சி++ காம்ப்ளெக்ஸ் நம்பரை வைத்து ஆபரேட்டர் ஓவர்லோடிங் (+ மாதிரிக் குறிக்கு நம் கிளாஸில் என்ன பொருள் என்று நாமே எழுதுவது) நடத்தி முடித்துவிட்டார்கள். நிஜமாகவே இது தேவையா அண்ணா? ‘கூட்டு’ என்று ஒரு மெத்தட் எழுதினால் போதாதா? ஜாவாவில் இது இல்லாமலே வேலை நடக்கிறதே? எழுதுவதென்றால் +, -, *, ==, < எல்லாவற்றையும் எழுதிவிடலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கிளாஸுக்கு + கட்டாயம் எழுதுங்கள். == எழுதுங்கள், ஆனால் யோசித்து எழுதுங்கள். * குறியை எண்ணோடு பெருக்க மட்டும் வையுங்கள். < வேண்டவே வேண்டாம்.

காரணம் சொல்ல உங்கள் மாமாவின் பட்டறையே போதும். காம்ப்ளெக்ஸ் நம்பரை விட அது நல்ல உதாரணம். காம்ப்ளெக்ஸ் நம்பரில் கூட்டல் என்றால் என்னவென்று கணிதம் எப்போதோ முடிவு செய்துவிட்டது; நீங்கள் முடிவெடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. வெள்ளி விஷயத்தில் முடிவு உங்கள் கையில். ஆபரேட்டர் ஓவர்லோடிங்கில் கஷ்டமான இடம் அதுதான். சின்டாக்ஸ் ஒரு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிடும்.

முதலில், அந்த டைப்எரர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பைத்தானில் அ + ஆ என்று எழுதினால், இடப்பக்க ஆப்ஜெக்ட்டின் கிளாஸில் ‘__ஆட்__’ என்ற மெத்தட் இருக்கிறதா என்று பைத்தான் தேடும். (கோடில் இதை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் இருப்பதால் இதை டண்டர் ஆட் என்பார்கள்.) இருந்தால் அதைக் கூப்பிடும். அது ‘இது எனக்குத் தெரியாத ஆள்’ என்ற பொருளில் நாட்இம்ப்ளிமென்ட்டட் என்ற மதிப்பைத் திருப்பித் தந்தாலோ, மெத்தடே இல்லாவிட்டாலோ, வலப்பக்க ஆப்ஜெக்ட்டிடம் போய் ‘__ஆர்ஆட்__’ இருக்கிறதா என்று கேட்கும். அதாவது டண்டர் ஆர்-ஆட், பின்பக்கமாகக் கூட்டுவது. அங்கேயும் கை விரித்தால்தான் டைப்எரர். வலப்பக்கம் இருப்பது இடப்பக்கக் கிளாஸின் சப்கிளாஸாக இருந்து, அந்தப் பின்பக்க மெத்தடைத் தன் பங்குக்கு மாற்றி எழுதியிருந்தால் மட்டும் வரிசை மாறும். வலப்பக்கத்தை முதலில் கேட்கும்.

கவனித்தீர்களா, எண்களுக்கும் இதே வழிதான். 3 + 4 என்றாலும் இன்ட் கிளாஸின் டண்டர் ஆட்தான் வேலை செய்கிறது. பைத்தான் தன் சொந்த டைப்புகளுக்கு வைத்திருக்கும் அதே கதவை உங்கள் கிளாஸுக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஒரு நுணுக்கம்: இந்த மெத்தடை ஆப்ஜெக்ட்டில் தேடாது, கிளாஸில்தான் தேடும். ஓர் ஆப்ஜெக்ட்டின் மேல் மட்டும் டண்டர் ஆட் ஒட்டவைத்தால் + அதைக் கண்டுகொள்ளாது.

சரி, வெள்ளிக்கு வருவோம்.

மாமாவின் பட்டறையில் 100 கிராம் 80 டச் கட்டி ஒன்று, 50 கிராம் 65 டச் கட்டி ஒன்று இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் எடை 150 கிராம் என்று யாரும் சொல்வார்கள். டச் எவ்வளவு? கிளாஸில் எடை, டச் என்று இரண்டு புலம் வைத்தவுடன் கை தானாக எழுதப் பார்க்கும் வரி (80 + 65) / 2, அதாவது 72.5. இது தப்பு. பட்டறையில் யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. முதல் கட்டியில் சுத்த வெள்ளி 80 கிராம், இரண்டாவதில் 32.5 கிராம். மொத்தம் 112.5 கிராம். 150 கிராமில் 112.5 கிராம் என்றால் 75 டச். 72.5 என்று எழுதினால் சுத்த வெள்ளி 108.75 கிராம் என்று கணக்கு காட்டும், 3.75 கிராம் வெள்ளி பேப்பரிலேயே காணாமல் போய்விடும். எரர் எதுவும் வராது, புரோகிராம் சமர்த்தாக ஓடும்.

இதனால் நான் சொல்வது: கிளாஸுக்குள் டச்சைச் சேமிக்காதீர்கள். மொத்த எடை, சுத்த வெள்ளி எடை இரண்டை மட்டும் சேமியுங்கள். டச் வேண்டும்போது ஒரு ப்ராப்பர்ட்டியாகக் கணக்கிட்டுக் கொடுங்கள். அப்போது டண்டர் ஆட் எழுதுவது மிகச் சுலபம்: எடையோடு எடை, சுத்தத்தோடு சுத்தம், அவ்வளவுதான். ஒரு கிளாஸுக்குக் கூட்டல் எழுத உட்கார்ந்து, அது நாலு வரிக்கு மேல் போய்ச் சிக்கலாகிறதென்றால், பெரும்பாலும் கூட்டலில் சிக்கல் இருக்காது. உள்ளே எதைச் சேமிக்கிறோம் என்பதில்தான் இருக்கும். ஆபரேட்டர் எழுத முயல்வதே கிளாஸின் வடிவத்தைச் சோதிக்கும் வழி என்று நான் நினைப்பது இதனால்தான்.

எடையை ஃப்ளோட்டாக வைக்காதீர்கள். மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள். மேலே சொன்ன கட்டிகள் 1,00,000 மில்லிகிராம் எடையும் 80,000 சுத்தமும். 50,000 எடையும் 32,500 சுத்தமும். கூட்டினால் 1,50,000 எடையும் 1,12,500 சுத்தமும். எங்கேயும் புள்ளி இல்லை. ஃப்ளோட்டில் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது என்று படித்திருப்பீர்கள். அதைவிடத் தொல்லையானது இன்னொன்று: (0.1 + 0.2) + 0.3 என்று கூட்டினால் ஒரு விடை, 0.1 + (0.2 + 0.3) என்று கூட்டினால் கடைசி இலக்கத்தில் வேறு விடை. அதாவது சரக்கை எந்த வரிசையில் பதிந்தோம் என்பதைப் பொறுத்து மொத்தம் மாறும். ஆடிட் நேரத்தில் இது என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். முழு எண்ணில் இந்தப் பேச்சே கிடையாது. எடையையும் டச்சையும் பதியும்போது, சுத்த எடையை மில்லிகிராமுக்கு ஒருமுறை ரவுண்ட் செய்துவிட்டால் போதும். அப்புறம் எத்தனை முறை கூட்டினாலும் புதிதாகப் பிழை சேராது.

அடுத்தது, + புது ஆப்ஜெக்ட்டைத்தான் திருப்பித் தர வேண்டும். பழைய கட்டியின் எடையைத் திருத்திவிட்டு அதையே திருப்பித் தரக்கூடாது. 3 + 4 என்று எழுதினால் 3 மாறிப்போகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? படிப்பவர் மனதில் + என்ற குறிக்கு இருக்கும் ஒப்பந்தம் அது.

இந்த இடத்தில் += தனியாகக் கவனிக்க வேண்டியது. டண்டர் ஐ-ஆட் என்று தனி மெத்தட் எழுதாவிட்டால், பைத்தான் இருப்பு += சரக்கு என்பதை இருப்பு = இருப்பு + சரக்கு என்றே எடுத்துக்கொள்ளும். புது ஆப்ஜெக்ட் உருவாகி, பெயர் அதற்கு மாறும். அது போதும், ஐ-ஆட் எழுதவே வேண்டாம். எழுதி, உள்ளேயே எடையை மாற்றினீர்கள் என்றால் இப்படி ஆகும்: காலையில் தொடக்க_இருப்பு = இருப்பு என்று ஒரு வரி. பகலில் சரக்கு வர வர இருப்பு += சரக்கு. சாயங்காலம் இன்று எவ்வளவு வந்தது என்று பார்க்க இருப்பு - தொடக்க_இருப்பு என்று கழித்தால் பூஜ்யம் வரும். ஏனென்றால் இரண்டு பெயரும் ஒரே ஆப்ஜெக்ட்டைக் காட்டுகின்றன. ஒன்றைத் திருத்தும்போது மற்றதும் திருந்திவிட்டது. லிஸ்ட்டில் += இப்படித்தான் நடக்கும், அங்கே அது பொருத்தம்தான். எடை, பணம், தேதி மாதிரி மதிப்பைக் குறிக்கும் கிளாஸுக்குப் பொருந்தாது. புலங்களைச் சொன்னாலே கிளாஸின் வழக்கமான மெத்தடுகளை எழுதிக் கொடுக்கும் டேட்டாகிளாஸ் டெக்கரேட்டரில் ஃப்ரோசன் என்பதை ட்ரூ என்று கொடுத்துவிட்டால் புலங்களை அப்புறம் மாற்றவே முடியாது. இந்தப் பிழைக்கு வழியே இருக்காது.

வெள்ளி + 5 என்று யாராவது எழுதினால்? ‘5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று நினைப்பது நல்லெண்ணம்தான், ஆனால் அந்த 5 கிராமுக்கு டச் எவ்வளவு? தெரியாது. தெரியாததை ஊகிக்கிற கூட்டல் ஆபத்தானது. எதிரே இருப்பது வெள்ளி கிளாஸ் இல்லையென்றால் நாட்இம்ப்ளிமென்ட்டட் என்பதைத் திருப்பித் தந்துவிடுங்கள். இதை ரிட்டர்ன் செய்ய வேண்டும், ரெய்ஸ் செய்யக்கூடாது. நாட்இம்ப்ளிமென்ட்டட்எரர் என்று கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு எக்ஸெப்ஷன் இருப்பதால் பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிந்தால், வலப்பக்கத்து ஆப்ஜெக்ட்டிடம் கேட்கும் இரண்டாவது வாய்ப்பு போய்விடும். ரிட்டர்ன் செய்தால், நாளைக்கு இன்னொருவர் ‘கல்_பதித்த_வெள்ளி’ என்று தனி கிளாஸ் எழுதி, உங்கள் வெள்ளியோடு எப்படிக் கூடுவது என்று தன் பக்கமே சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கோடைத் தொட வேண்டியதில்லை.

இங்கேதான் உங்கள் ‘கூட்டு மெத்தட் போதாதா’ என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அ.கூட்டு(ஆ.பெருக்கு(2)).கழி(இ) என்று எழுதுவதற்கும் அ + ஆ * 2 - இ என்று எழுதுவதற்கும் படிக்கிற சுகத்தில் வித்தியாசம் உண்டு. அது மட்டும்தான் லாபமென்றால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பைத்தானின் சம், மேக்ஸ், சார்ட்டட், செட், டிக்‌ஷனரி எல்லாம் +, <, == ஆகியவற்றை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் ‘கூட்டு’ என்ற பெயர் அவற்றுக்குத் தெரியாது, + தெரியும். + எழுதிய கையோடு, வெள்ளி என்ற கிளாஸ் ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் யாரோ எழுதிய ஃபங்ஷன்கூட உங்கள் ஆப்ஜெக்ட்டைக் கூட்டிக் கொடுக்கும்.

அப்படிக் கூட்ட முயலும்போது முதலில் தடுக்கி விழும் இடம் சம். அன்றைக்கு வந்த சரக்குப் பட்டியலை சம் ஃபங்ஷனிடம் கொடுத்தால் மறுபடியும் டைப்எரர் வரும், + எழுதியிருந்தும். காரணம், சம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. முதல் படியே 0 + வெள்ளி. இன்ட்டுக்கு வெள்ளியைத் தெரியாது. உங்கள் ஆர்-ஆட்டைத் தேடும், அதுவும் இருக்காது. ஆர்-ஆட் எழுதி, வந்தது 0 என்றால் மட்டும் தன்னையே திருப்பித் தரச் சொல்வது ஒரு வழி; பலர் அதைச் செய்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, சம் ஃபங்ஷனின் இரண்டாவது இடத்தில் ஆரம்ப மதிப்பாக வெள்ளி(0, 0) என்று கொடுப்பது. காலிப் பட்டியலுக்குக்கூட விடை வெறும் 0 ஆக இல்லாமல் வெள்ளியாகவே வரும். சரக்கே வராத நாளின் ரிப்போர்ட் உடையாமல் இருக்க இது வேண்டும்.

அந்த வெள்ளி(0, 0) இருக்கிறதே, அதன் டச் என்ன? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. டச் ப்ராப்பர்ட்டியில் எடை பூஜ்யமா என்று பார்த்து, ஆமென்றால் ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்று பொருள்படும் நன் என்பதைத் தந்துவிடுங்கள், திரையில் ஒரு சிறு கோடு காட்டலாம். டச்சையே உள்ளே சேமித்திருந்தால், இல்லாத வெள்ளிக்கு ஒரு டச் இட்டுக்கட்ட வேண்டி வந்திருக்கும்.

பெருக்கலை எடுத்துக்கொள்வோம். கொலுசு ஜோடியாகத்தான் விற்கும். ஒரு காலுக்கானதை 2 ஆல் பெருக்கினால் எடையும் இரட்டிக்கிறது, சுத்தமும் இரட்டிக்கிறது, டச் மாறாமல் நிற்கிறது. அருமையாகப் பொருந்துகிறது, எழுதலாம். 2 * கொலுசு என்று திருப்பி எழுதுபவருக்காக டண்டர் ஆர்-மல் சேருங்கள். வெள்ளி * வெள்ளி என்பதற்குப் பொருளே இல்லை, மறுத்துவிடுங்கள். வெள்ளி * ரேட் என்று எழுதிப் பணம் வரவைக்கலாமே என்று ஆசை வரும். நான் அதை விலை(ரேட், கூலி) என்று மெத்தடாகத்தான் எழுதுவேன். ரேட் மொத்த எடைக்கா, சுத்த எடைக்கா? கூலி கிராமுக்கா, ஜோடிக்கா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல * குறியில் இடமே இல்லை.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஆப்ஜெக்ட், அதற்கு மேல் ஆபரேட்டருக்குள் வேறு எந்தத் தகவலும் நுழைய முடியாது. செய்யும் வேலைக்கு மூன்றாவது தகவல் ஒன்று தேவைப்படுகிறதென்றால் அது ஆபரேட்டர் இல்லை, பெயர் வைத்த மெத்தட். உருக்குவது அப்படிப்பட்ட வேலை. இரண்டு கட்டியை மூசையில் போட்டு உருக்கினால் கொஞ்சம் சேதாரம் போகும். அதனால் + என்பது கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரியைக் கூட்டுவது மட்டும். உருக்குவதற்கு, உருக்கு(சேதாரம்) என்று தனி மெத்தட். இரண்டையும் ஒன்றாக்கி + குறிக்குள்ளேயே சேதாரத்தைக் கழித்துவிட்டால், (அ + ஆ) + இ என்பதில் இரண்டு முறை சேதாரம் போகும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கினால் ஒரு முறைதான் போகும். விடை வேறாகும்.

எதை எதோடு கூட்டலாம் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி பைத்தானிலேயே இருக்கிறது: டேட்டைம் மாட்யூல். சேலத்தில் ஏற்காடு பஸ் கிளம்பும் நேரம் ஒரு டேட்டைம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போக ஆகும் நேரம் ஒரு டைம்டெல்ட்டா. கிளம்பிய நேரம் + பயண நேரம் = போய்ச்சேரும் நேரம்; பைத்தான் ஒப்புக்கொள்ளும். போய்ச்சேர்ந்த நேரம் - கிளம்பிய நேரம் = பயண நேரம்; இதையும் ஒப்புக்கொள்ளும், விடையின் டைப் மாறியிருக்கிறது பாருங்கள். கிளம்பிய நேரம் + போய்ச்சேர்ந்த நேரம்? டைப்எரர். காலை 8 மணியோடு 9 மணியைக் கூட்டி என்ன செய்வது? கழித்தல் இருப்பதால் கூட்டலும் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொருளுள்ளதை மட்டும் அனுமதித்து மற்றதைக் கறாராக மறுத்திருப்பதுதான் அந்த மாட்யூலின் அழகு. சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளில் காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் ஒன்றாகவே வளர்கின்றன. இரண்டும் கிலோவில்தான் எடை போடப்படுகின்றன. ஆனாலும் காப்பி + மிளகு என்று எழுதினால் எரர் வருகிற கிளாஸ்தான் நல்ல கிளாஸ். லாரிக்கு மொத்த எடை வேண்டுமென்றால் காப்பி.எடை + மிளகு.எடை என்று வாயைத் திறந்து கேட்கட்டும்.

இப்போது ==. எதுவும் எழுதாவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும் பைத்தான் பார்க்கும். 100 கிராம் 80 டச் என்று தனித்தனியாகப் பதிந்த இரண்டு கட்டிகள் சமமில்லை என்று சொல்லும். எனவே டண்டர் ஈக்யூ வேண்டும். ஆனால் எது சமம்? 100 கிராம் 75 டச்சும், 75 கிராம் சுத்த வெள்ளியும் சமமா? சுத்த எடையில் இரண்டும் 75 கிராம்தான். வியாபாரி கணக்குத் தீர்க்கும்போது இரண்டும் ஒன்றே. பட்டறையில் அவை வேறு வேறு சரக்கு. == என்றால் ‘ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தயங்காமல் வைக்கலாம்’ என்று இருக்க வேண்டும். அதனால் எடையும் சுத்தமும் இரண்டுமே ஒத்தால்தான் சமம் என்று வையுங்கள். சுத்தம் மட்டும் ஒப்பிட வேண்டிய இடத்தில் அ.சுத்தம் == ஆ.சுத்தம் என்று எழுதுங்கள்.

டண்டர் ஈக்யூ எழுதி, டண்டர் ஹாஷ் (செட் மாதிரி இடங்களில் ஆப்ஜெக்ட்டைத் தேட உதவும் எண்ணைத் தரும் மெத்தட்) எழுதாமல் விட்டால், பைத்தான் அந்த கிளாஸின் ஹாஷை நன் ஆக்கிவிடும். அதன் பின் உங்கள் ஆப்ஜெக்ட்டை செட்டில் போட முடியாது, டிக்‌ஷனரிக்குக் கீயாக வைக்க முடியாது. இது தண்டனை இல்லை, பாதுகாப்பு. சமமான இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு ஹாஷும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டிக்‌ஷனரியில் வைத்த பொருளே கிடைக்காமல் போகும். ஃப்ரோசன் டேட்டாகிளாஸ் எழுதினால் ஈக்யூ, ஹாஷ் இரண்டையும் சரியாக அதுவே எழுதிக் கொடுக்கும். நீங்கள் அதையே பயன்படுத்துங்கள்.

ஜாவாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங் ஆபரேட்டர் ஓவர்லோடிங்கை ஜாவாவில் தெரிந்தேதான் விட்டுவிட்டார். சி++ காரர்கள் அதைக் கண்டபடி பயன்படுத்தியதைப் பார்த்த அனுபவம் அவருக்கு. அந்த முடிவுக்கு நியாயம் உண்டு. ஆனால் விலையும் உண்டு. ஜாவாவில் தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் கிளாஸில் பணக் கணக்கு எழுதியவர்களைக் கேளுங்கள்: ஒரு வரி வட்டிக் கணக்கு, ஆட், மல்டிப்ளை, சப்ட்ராக்ட் என்று நீண்டு, எது எதோடு கூடுகிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. சமம் பார்ப்பதிலும் குழப்பம் தீரவில்லை. பிக்டெசிமலில் 2.0, 2.00 இரண்டும் ஈக்வல்ஸ் கேட்டால் சமமில்லை, கம்பேர்-டூ கேட்டால் சமம். ஸ்ட்ரிங் ஒப்பிட == போட்டு மாட்டிக்கொள்ளாத ஜாவா மாணவர் அபூர்வம். அதே ஜாவாவில் ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே மட்டும் + ஒட்டும் வேலை செய்கிறது. தேவை என்று வந்தபோது மொழியை உருவாக்கியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள், நமக்குத் தரவில்லை. ஜாவாவோடு சேர்ந்தே ஓடும் கோட்லின் அதைத் திரும்பக் கொடுத்துவிட்டது, அளவோடு: குறிப்பிட்ட சில குறிகளுக்கு மட்டும், ஆபரேட்டர் என்று முன்னால் எழுதி அனுமதி வாங்கினால் மட்டும்.

< ஏன் வேண்டாம்? மூன்று பேரிடம் ‘எது பெரியது’ என்று கேளுங்கள். சரக்கைத் தூக்கி எடை போடுபவர் மொத்த எடையைப் பார்ப்பார். வியாபாரி சுத்த எடையைப் பார்ப்பார். வாங்குபவருக்கு டச் முக்கியம். மூன்றும் நியாயம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து < குறிக்குக் கொடுத்தால், கோடைப் படிக்கும் மற்ற இருவர் தங்கள் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். குறி ஒன்று, அர்த்தம் மூன்று என்று வந்தால் அந்தக் குறியை விட்டுவிட வேண்டியதுதான். சார்ட்டட் ஃபங்ஷனில் கீ என்ற இடத்தில் டச் என்றோ சுத்தம் என்றோ கொடுத்தால் வேலை முடிந்தது, எதை வைத்து வரிசைப்படுத்தினோம் என்பதும் அந்த வரியிலேயே தெரியும். டேட்டாகிளாஸில் ஆர்டர் என்பதை மட்டும் ட்ரூ ஆக்கிவிடாதீர்கள். நாலு ஒப்பீட்டையும் ஓசையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடும், புலங்களை எழுதிய வரிசைப்படி: முதலில் எடை, அது ஒத்துப்போனால் சுத்தம். யாரும் கேட்காத அர்த்தம் அது.

தேர்வுக்குத் தேவையான சி++ பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரோகிராமரே ஆபரேட்டருக்குப் பொருள் சொல்லும் வசதி ஆல்கால் 68 மொழியிலேயே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில், ‘சி வித் கிளாஸஸ்’ சி++ ஆக மாறியபோது அதை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் இந்த வசதியைச் சேர்த்தார். பைத்தானில் ஓடும்போது தேடுவதை சி++ கம்பைல் ஆகும்போதே டைப்பைப் பார்த்து முடித்துவிடும். புதிதாக ஒரு குறியை உருவாக்க முடியாது. முன்னுரிமை வரிசையை மாற்ற முடியாது. இரண்டு பக்கத்தில் ஒன்றாவது நீங்கள் உருவாக்கிய டைப்பாக இருக்க வேண்டும். இன்ட்டும் இன்ட்டும் கூடுவதை யாரும் திருத்தி எழுத முடியாது. புள்ளி, இரட்டை முக்காற்புள்ளி, புள்ளி-நட்சத்திரம், ?: , சைஸ்ஆஃப் ஆகியவற்றை ஓவர்லோட் செய்ய முடியாது. && மற்றும் || குறிகளைச் செய்யலாம், ஆனால் இடப்பக்கம் பார்த்ததுமே விடை தெரிந்தால் வலப்பக்கத்தை விட்டுவிடும் குணம் போய்விடும். ஆகவே செய்யாதீர்கள். பைத்தானில் ஆண்ட், ஆர், நாட், இஸ் நான்கையும் தொடவே முடியாது.

முன்னுரிமை மாறாது என்பதன் பலனை ஒரு உதாரணத்தில் பாருங்கள். அடுக்கு எழுத ^ குறி பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒருவர் ஓவர்லோட் செய்கிறார். அ ^ 2 + ஆ என்று எழுதுகிறார். சி++, பைத்தான் இரண்டிலும் + குறிதான் முந்தும். அது அ ^ (2 + ஆ) என்று கணக்காகும். குறியின் உருவத்தைப் பார்த்துத் தேர்ந்தால் இதுதான் நடக்கும். அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

சி++ இல் எழுதும் முறை: += குறியை கிளாஸுக்குள் மெம்பராக எழுதி, தன்னையே ரெஃபரன்ஸாகத் திருப்பித் தரச் செய்யுங்கள். + குறியை கிளாஸுக்கு வெளியே எழுதி, இடப்பக்கத்தின் நகலில் += போட்டு அந்த நகலைத் திருப்பித் தாருங்கள். வெளியே எழுதுவது எதற்கென்றால், மெம்பராக எழுதினால் இடப்பக்கம் உங்கள் டைப்பாகத்தான் இருந்தாக வேண்டும். 2 * கொலுசு என்பதில் இடப்பக்கம் இன்ட். மெம்பர் ஃபங்ஷனால் அதைப் பிடிக்க முடியாது. அச்சிடும் << குறியும் அப்படித்தான், இடப்பக்கம் ஸ்ட்ரீம் இருப்பதால் வெளியேதான் எழுத வேண்டும். தேர்வில் ஃப்ரெண்ட் ஃபங்ஷன் (கிளாஸின் உள்விவரத்தைத் தொட அனுமதி பெற்ற வெளி ஃபங்ஷன்) ஏன் என்று கேட்டால் உள்ளபடி பதில் இதுதான். சி++20 இல் <=> என்று ஒரு குறி வந்திருக்கிறது, அதை ஒரு முறை எழுதினால் <, >, <=, >= நான்கும் கிடைக்கும். வெள்ளிக்கு அது வேண்டாம் என்பது அங்கேயும் பொருந்தும்.

எல்லாம் எழுதியபின் சோதிக்க வேண்டியது: அ + ஆ == ஆ + அ; (அ + ஆ) + இ == அ + (ஆ + இ); அ + வெள்ளி(0, 0) == அ; அ * 2 == அ + அ. கைக்கு வந்த எடைகளையெல்லாம் போட்டு இந்த நாலும் நிற்கிறதா என்று பாருங்கள். சராசரி டச் போட்ட அந்தத் தப்புக் கூட்டல் இரண்டாவதிலேயே மாட்டிக்கொள்ளும். சோதனை தோற்கும்போது திரையில் என்ன தெரியும் என்பதும் முக்கியம். ஆகவே வேறு எதற்கும் முன்னால் ஆப்ஜெக்ட்டை எழுத்தாகக் காட்டும் டண்டர் ரெப்ர் எழுதிவிடுங்கள்; இல்லையென்றால் மெமரி அட்ரஸைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

கழித்தலைக் கடைசிக்கு வைத்தேன், அதில்தான் உங்கள் ப்ராஜெக்ட் சிக்கும் என்று நினைக்கிறேன். 150 கிராம் 75 டச்சிலிருந்து 50 கிராம் 65 டச்சைக் கழித்தால் 100 கிராம் 80 டச், சரி. அதே 150 கிராமிலிருந்து 140 கிராம் 50 டச்சைக் கழித்தால்? மீதி 10 கிராம் எடையில் 42.5 கிராம் சுத்தம். உலகத்தில் இல்லாத வெள்ளி. ஆகவே, எடை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, சுத்தமும் போகக்கூடாது, சுத்தம் எடையைத் தாண்டக்கூடாது என்ற மூன்று நிபந்தனையையும் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் பக்கமே எழுதுங்கள். டேட்டாகிளாஸ் என்றால் அதற்கு டண்டர் போஸ்ட்-இனிட் இருக்கிறது. எந்த ஆபரேட்டர் எந்த வழியில் புது ஆப்ஜெக்ட் செய்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். + க்கும் - க்கும் தனித்தனியாகக் காவல் போட வேண்டாம்.

ஆனால் வெளியே கூலிக்கு வேலை செய்பவரிடம் கொடுத்த வெள்ளி, அவர் திருப்பிக் கொடுத்த கொலுசு, பாக்கி என்று வரும்போது, கழித்தால் மைனஸ் வருவது சகஜம். அவர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார், நாம் தர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அதை வெள்ளி கிளாஸுக்குள் திணித்து நிபந்தனையைத் தளர்த்திவிடாதீர்கள். ‘பாக்கி’ என்று இன்னொரு கிளாஸ் வையுங்கள், மைனஸை அது தாங்கட்டும்: பாக்கி + வெள்ளி = பாக்கி, பாக்கி - வெள்ளி = பாக்கி, பாக்கி + பாக்கி = பாக்கி. வெள்ளி + பாக்கி என்று யாராவது திருப்பி எழுதினால், வெள்ளி நாட்இம்ப்ளிமென்ட்டட் சொல்லும், பைத்தான் பாக்கியின் ஆர்-ஆட்டிடம் போகும், விடை அங்கிருந்து வரும். முதலில் வெள்ளியை மட்டும் எழுதி, மாமாவின் ஒரு வாரக் கணக்கை அதில் ஓட்டிப் பாருங்கள். பாக்கியை அதற்கப்புறம் தொடுங்கள்.